கடல் தந்த கருவூலம்

நுழையும்முன்

கடற்கரை மணலில் கிடக்கும் கிளிஞ்சலைக் குனிந்து எடுக்காத குழந்தை இல்லை. வளர்ந்தபின் பெரும்பாலோர் அப்பழக்கத்தை விட்டுவிடுகின்றனர். அதனை இறுதிவரை விடாமல் பற்றிக்கொண்ட ஒருவர், குழந்தையின் விளையாட்டை அறிஞனின் ஆய்வாக வளர்த்தெடுத்தார். கண்ணொளி மறைந்தது, குடும்பம் அழிந்தது, சேர்த்த செல்வம் கைமாறியது. ஆயினும், கடற்கரை அவருக்கு அளித்த மகிழ்ச்சி மட்டும் மறையவில்லை. அம்மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது.

கிளிஞ்சல் மோகம்

அலை பின்வாங்கிய ஈரமணலில் நடப்பவரின் கண்கள் தாமாகவே நிலத்தை நாடும். பாதி புதைந்த சோழி ஒன்று மின்னும். அதன் அருகில் விசிறிபோல் விரிந்த சிப்பி, அதற்கப்பால் முறுக்கிய கூம்பு. எடுத்துக் கழுவிக் கையில் ஏந்தும்போது, யாரும் விதைக்காத வயலில் அறுவடை செய்த உவகை பிறக்கும். விலை கொடுத்து வாங்கிய பொருள் எதுவும் இந்த உவகையைத் தருவதில்லை.

பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் இந்த உவகை பெரும் மோகமாக வளர்ந்திருந்தது. கிழக்குக் கடல்களிலிருந்து கப்பலேறி வந்த சங்குகளையும் சிப்பிகளையும் செல்வர்கள் பொன் கொடுத்து வாங்கினர். அவற்றை அழகிய பேழைகளில் அடுக்கி விருந்தினர்க்குக் காட்டினர். புகழ்பெற்ற ஓவியர் ரெம்பிராண்ட் 1650ஆம் ஆண்டில் ஒரு கூம்புச் சங்கினைச் செதுக்கோவியமாக வடித்தார். ஆனால், அச்சங்குகளைப் போற்றியவர்களுள் மிகப் பலர் அவை வாழ்ந்த கடலைக் கண்டதில்லை. ஓட்டுக்குள் இருந்த உயிர் எது, அது என்ன உண்டது, எவ்வாறு நகர்ந்தது என அவர்கள் அறிந்திலர். அவர்களுடைய பேழைகளில் ஓடுகள் இருந்தன. அவற்றின் கதைகள் இல்லை.

அக்கதைகளைக் கடலோரத்திலேயே வாழ்ந்து திரட்டித் தந்தவர் கெயார்க் எபர்ஹார்ட் ரம்பியஸ்.

இளமையும் பயணமும்

ரம்பியஸ் 1627ஆம் ஆண்டு இன்றைய செருமனியின் எஸ்ஸே பகுதியில் பிறந்தார். அந்நிலப்பகுதியைப் பாழ்படுத்திய முப்பதாண்டுப் போரின் நடுவே அவருடைய குழந்தைப் பருவம் கழிந்தது. தந்தையார் கட்டடக் கலையில் தேர்ந்தவர். அனாவு நகரத்துப் பள்ளியில் இலத்தீன் முதலிய மொழிகளைக் கற்ற ரம்பியஸ், தந்தையாரிடமிருந்து வரைபடக் கலையையும் அளவைக் கலையையும் கற்றுக்கொண்டார்.

உலகைக் காணவேண்டும் என்னும் வேட்கை அவரைச் சிறு வயதிலேயே பற்றிக்கொண்டது. வெனிசு குடியரசின் படைப்பணி என்று நம்பிப் பதினெட்டு வயதளவில் ஊரைவிட்டுப் புறப்பட்டார். ஆள்சேர்த்தவர்கள் அவரை ஏமாற்றிப் பிரேசிலுக்குச் செல்லும் கப்பலில் ஏற்றினர். அக்கப்பலும் பிரேசிலை அடையவில்லை. போர்ச்சுக்கல் நாட்டில் சில ஆண்டுகள் தங்க நேர்ந்தது. அங்கே கிழக்குத் தீவுகளைப் பற்றிக் கேள்வியுற்ற செய்திகள் அவர் உள்ளத்தில் வேரூன்றின. ஊர் திரும்பிச் சிறிது காலம் பணியாற்றியபின், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் படைவீரராகச் சேர்ந்து 1652ஆம் ஆண்டின் இறுதியில் கப்பலேறினார். அடுத்த ஆண்டின் நடுவில் சாவகத் தீவின் பத்தாவியா நகரை அடைந்தார். இன்று அந்நகரம் சகார்த்தா எனப்படுகிறது. பிறந்த மண்ணை அவர் மீண்டும் காணவில்லை.

அம்போன் தீவில்

1654ஆம் ஆண்டு ரம்பியஸ் அம்போன் தீவுக்கு வந்து சேர்ந்தார். இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கில், மலுக்குத் தீவுக்கூட்டத்தில் அமைந்த சிறுதீவு அது. நெட்டையாக உள்நுழைந்த வளைகுடா ஒன்று அதனை ஏறத்தாழ இரண்டாகப் பிளக்கிறது. சுற்றிலும் பவளப்பாறைகள், கரையெங்கும் காடு, காட்டோடு கலந்து கிராம்பு மரங்கள்.

அக்கிராம்புக்காகவே கம்பெனி அத்தீவைக் கைப்பற்றி வைத்திருந்தது. கிராம்பு வணிகம் பிறர் கைக்குச் செல்லாதிருக்கப் பிற தீவுகளில் நின்ற மரங்களைக் கம்பெனியார் வெட்டி வீழ்த்தினர்; எதிர்த்தவர்களைப் படைகொண்டு அடக்கினர். அத்தகைய கம்பெனியின் ஊழியராகவே ரம்பியசும் அங்கு வாழ்ந்தார். ஆயினும், அவருடைய உள்ளம் கணக்கேட்டில் நிலைக்கவில்லை. படைப்பணியிலிருந்து விலகி 1657ஆம் ஆண்டில் வணிகப் பிரிவுக்கு மாறினார். பின்னர், தீவின் வடகரையில் உள்ள ஹிலா என்னும் ஊரில் பொறுப்பேற்றார். அலுவல் முடிந்த பொழுதெல்லாம் அவரைக் காட்டிலோ கடற்கரையிலோதான் காணமுடிந்தது.

செடிகொடிகளைத் தேடிக் காடு சென்றபோது அவருடைய மனைவி சுசன்னா உடன் சென்றார். மூலிகைகளைத் தேடியெடுப்பதில் தமக்கு முதல் துணையாக விளங்கியவர் மனைவியே என்பதை ரம்பியஸ் பிற்காலத்தில் நன்றியோடு எழுதிவைத்தார். ஊர்மக்களும் அவருக்கு ஆசிரியர்களாயினர். ஒரு பொருளைக் கண்டால் மலாய் மொழியில் அதற்குப் பெயர் என்ன, அம்போன் மக்கள் அதனை எவ்வாறு வழங்குகின்றனர், உணவாகுமா, மருந்தாகுமா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். மீனவரின் பட்டறிவை அவர் ஏளனமாகக் கருதவில்லை. ஏட்டறிவுக்கு இணையாகவே மதித்தார்.

பத்தாவியாவில் தலைமை ஆளுநராக இருந்த யோவான் மாட்சுய்க்கர் அவருடைய முயற்சியை ஆதரித்தார். ஐரோப்பாவிலிருந்து வேண்டிய நூல்களை வரவழைத்துக்கொள்ள ரம்பியசுக்கு இசைவு கிடைத்தது.

தேடலின் இன்பம்

கிளிஞ்சல் சேகரிப்பது எளிய செயல்போலத் தோன்றும். உண்மையில் அது பொறுமையைக் கற்பிக்கும் பள்ளி. கடல்வற்றும் நேரத்தைக் கணித்திருக்க வேண்டும். பாறை இடுக்குகளில் எவை வாழும், மணலுக்கடியில் எவை புதையும், சேற்றில் எவை ஊரும் என்பதை அறிந்திருக்க வேண்டும். கரையொதுங்கி வெயிலில் கிடந்த ஓடு நிறம் வெளுத்துப் பளபளப்பை இழந்திருக்கும். உயிரோடு எடுத்த ஓட்டினில் நிறம் நிலைத்திருக்கும். ஆனால், உள்ளிருக்கும் சதையை அகற்றிப் பக்குவப்படுத்துவது முகஞ்சுளிக்கச் செய்யும் வேலை. ஓடுகளைச் சேகரிக்கவும் தூய்மை செய்யவும் வேண்டிய முறைகளை ரம்பியஸ் தம் நூலில் விளக்கமாக எழுதினார்.

இவ்வேலையில் அவருக்கு நேர்ந்த வேடிக்கையான இழப்பு ஒன்றுண்டு. துறவி நண்டுக்குச் சொந்த ஓடு கிடையாது. இறந்த நத்தையின் ஓட்டுக்குள் புகுந்து அதனையே வீடாக்கிக்கொள்ளும். உடல் வளர வளர வேறு பெரிய ஓட்டைத் தேடும். ரம்பியஸ் அழகிய சங்குகளைத் தேர்ந்தெடுத்து வெளுப்பதற்காகப் பலகையின்மேல் பரப்பி வைப்பார். இரவில் துறவி நண்டுகள் ஓசையின்றிப் பலகைமேல் ஏறும். தம் பழைய ஓடுகளை அங்கே கழற்றிப் போட்டுவிட்டு, புதிய சங்குகளை அணிந்துகொண்டு நடையைக் கட்டும். காலையில் வந்து பார்த்தால், அரிய சங்குகள் இருந்த இடத்தில் தேய்ந்த ஓடுகள் கிடக்கும். சினமும் சிரிப்பும் கலந்த நடையில் இச்செய்தியை அவர் பதிவு செய்திருக்கிறார். தாம் சேகரித்த பொருள்களுக்குத் தம்மைப் போலவே ஆசை கொண்ட வேறு சேகரிப்பாளர்களும் உண்டு என்பதை அந்நண்டுகள் அவருக்குக் கற்பித்தன.

ரம்பியஸ் ஓட்டின் அழகோடு நின்றுவிடவில்லை. உள்ளே வாழ்ந்த உயிரையும் கவனித்தார். முத்துப்போல் ஒளிரும் உட்புறமும் அறை அறையாகப் பிரிந்த அமைப்பும் கொண்ட நாட்டிலஸ் ஓட்டினை ஐரோப்பியர் வெள்ளியில் பதித்து மதுக்கிண்ணமாகப் பயன்படுத்தினர். ஆனால், அவ்வோட்டுக்கு உரிய உயிரி எவ்வாறு இருக்கும் என்பது அங்கு விளங்காதிருந்தது. ரம்பியஸ் அவ்வுயிரியின் உடலை விளக்கிப் படத்தோடு பதிவு செய்தார். 1832ஆம் ஆண்டு இலண்டனில் ரிச்சர்டு ஓவன் என்னும் அறிஞர் நாட்டிலசை அறுத்து ஆராய்ந்து நூல் வெளியிடும்வரை, அவ்வுயிரியைப் பற்றி அறிய விரும்பியோர் பெரிதும் ரம்பியசின் குறிப்பையே நம்பியிருந்தனர்.

அழகினுள் ஒளிந்திருக்கும் அச்சத்தையும் அவர் மறைக்கவில்லை. கூம்புச் சங்கு காண்பவர் கையை அழைக்கும் எழிலுடையது. பாண்டாத் தீவில் அடிமைப் பெண் ஒருத்தி, வலை இழுக்கும்போது கிடைத்த அத்தகைய சங்கு ஒன்றைக் கையில் பிடித்தபடி கரைக்கு நடந்தாள். கையில் தொடங்கிய சிறு தினவு தோளுக்கு ஏறியது, உடலெங்கும் பரவியது, அவள் உயிரிழந்தாள். கூம்புச் சங்கின் நஞ்சால் நேர்ந்த இறப்பைப் பற்றிய மிகப் பழைய பதிவாக இச்செய்தி இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. பெயர் அறியப்படாத அப்பெண்ணின் முடிவை ரம்பியஸ் எழுதிவைத்ததனால், பின்வந்த தலைமுறைகள் எச்சரிக்கை பெற்றன.

ஒளி மறைந்த ஆண்டு

1670ஆம் ஆண்டில் ரம்பியசின் வாழ்வில் பேரிடி விழுந்தது. அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. குறுகிய காலத்தில் இரு கண்களும் பார்வை இழந்தன. கண் அழுத்த நோயே காரணமாக இருக்கலாம் என்று இக்காலத்தார் கருதுகின்றனர்.

சங்கின் வரிகளையும் சிப்பியின் நிறங்களையும் பிரித்தறிந்து மகிழ்ந்த ஒருவருக்குப் பார்வை போவது எத்தகைய இழப்பு! செடிகளைப் பற்றிய பெருநூலை அவர் இலத்தீன் மொழியில் எழுதத் தொடங்கியிருந்தார். இனித் தாமே எழுத இயலாது. சொல்லச் சொல்ல இலத்தீனில் எழுதுவோர் அத்தீவில் கிடைப்பது அரிது. எழுதியதை ஒதுக்கிவைத்துவிட்டு, டச்சு மொழியில் முதலிலிருந்து மீண்டும் தொடங்கினார்.

கம்பெனி அவரைப் பணியினின்று விலக்கியிருக்கலாம். ஆயினும், பத்தாவியாவின் இசைவினால் பதவியும் ஊதியமும் தொடர்ந்தன. ஹிலாவை விட்டு அம்போன் நகருக்குக் குடிபெயர்ந்தார். எழுத்தர்கள் அவர் சொல்லச் சொல்ல எழுதினர். மகன் பவுலஸ் படங்கள் வரைந்து உதவினார். மீனவரும் நண்பரும் கொண்டுவந்த பொருள்களை அவர் கையில் வைத்தனர்.

அதன்பின் கண்ணின் வேலையை விரல்கள் ஏற்றன. சங்கு எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது, வாயின் விளிம்பு கூரியதா மழுங்கியதா, சோழியின் பிளவில் பற்கள் நெருங்கியுள்ளனவா விலகியுள்ளனவா, சிப்பியின் முதுகில் வரிகள் எத்தனை, கையில் அதன் எடை எவ்வளவு என்பவற்றையெல்லாம் தொட்டறியலாம். தொட்டறிய இயலாத நிறத்தை அருகில் இருப்போர் சொல்லக் கேட்டு, முன்பு கண்டவற்றின் நினைவோடு ஒப்பிடலாம். பதினாறு ஆண்டுகள் அவர் அக்கடற்கரையில் நடந்திருந்தார். அந்நாளில் கண்ணாரக் கண்டவை உள்ளத்தில் அழியாது பதிந்திருந்தன. ஓர் ஓடு கையில் வந்து சேரும்போது, அதன் ஒளியும் நிறமும் நினைவிலிருந்து எழுந்து வந்தன. காணும் காலத்தில் கருத்தோடு கண்டவருக்குக் காணாத காலத்திலும் காட்சி குறைவதில்லை.

கடல் பொங்கிய இரவு

1674ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள். அம்போன் நகரில் வாழ்ந்த சீனர்கள் தம் புத்தாண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்தனர். விளக்கொளியையும் ஊர்வலத்தையும் காணச் சுசன்னா மகளோடு சென்றிருந்தார். மாலை மங்கி இரவு தொடங்கிய வேளையில் நிலம் அதிர்ந்தது. சுவரொன்று சரிந்து விழுந்தது. சுசன்னாவும் மகளும் அதன்கீழ் சிக்கி உயிரிழந்தனர்.

நிலநடுக்கத்தைத் தொடர்ந்து கடல் பொங்கியது. ரம்பியஸ் பல ஆண்டுகள் வாழ்ந்த ஹிலாவை உள்ளிட்ட வடகரை ஊர்களை அலைகள் வாரிச்சென்றன. 2,000க்கும் மேற்பட்டோர் அன்றிரவு மாண்டனர். எந்தக் கடற்கரை அவருக்குச் செல்வம் தந்ததோ, அந்தக் கடற்கரையே பிணங்களால் நிறைந்தது.

துயரத்தின் நடுவிலும் அவர் தம் கடமையை மறக்கவில்லை. எந்த ஊரில் எவ்வளவு அழிவு, அலை எத்திசையிலிருந்து வந்தது, மக்கள் எவ்வாறு தப்பினர் என்பவற்றைத் தொகுத்து எழுதினார். இந்தோனேசியப் பகுதியில் ஆழிப்பேரலையைப் பற்றி விரிவாக எழுதப்பட்ட முதல் ஆவணமாக அது கருதப்படுகிறது. இக்கால ஆய்வாளரும் அதனைப் பயன்படுத்துகின்றனர். மனைவியின் நினைவாக வெண்ணிற ஆர்க்கிட் மலர் ஒன்றுக்குச் சுசன்னாவின் மலர் எனப் பெயரிட்டார். அப்பெயர் இன்றும் தாவரவியலில் நிலைத்திருக்கிறது.

கைமாறிய செல்வம்

கிளிஞ்சல்களுக்கு ஐரோப்பாவில் இருந்த மதிப்பு ரம்பியசின் சேகரிப்பின்மேல் பெரியோர் கண்ணைத் திருப்பியது. இத்தாலியின் தஸ்கனிப் பகுதியை ஆண்ட மூன்றாம் கோசிமோ அரிய பொருள்களைத் திரட்டுவதில் பேரார்வம் கொண்டவர். கம்பெனிக்கு அவருடைய நட்பு வேண்டியிருந்தது. 1682ஆம் ஆண்டில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகச் சேர்த்த சங்குகளையும் சிப்பிகளையும் பிற பொருள்களையும் ரம்பியஸ் அவருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. மனமுவந்து கொடுத்தவை அல்ல அவை. கம்பெனியின் வற்புறுத்தலுக்கு ஊழியர் ஒருவரால் மறுப்புக் கூற இயலவில்லை.

பெட்டிகளில் அடைபட்டுக் கப்பலேறிய ஒவ்வோர் ஓடும் ஒரு நாளின் நினைவு. கண்ணிருந்த காலத்தில் தாமே குனிந்து எடுத்தவை அவற்றுள் இருந்தன. அவற்றை மீண்டும் திரட்டக் கண்ணும் இல்லை, இளமையும் இல்லை. ஐம்பத்தைந்து வயதை நெருங்கிய அவர் சேகரிப்பை அத்துடன் நிறுத்தியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்.

ஆனால், அவர் மறுபடியும் சேகரிக்கத் தொடங்கினார். பேழை வெறுமையாயிற்றே தவிர, அறிவு வெறுமையாகவில்லை. கோசிமோவுக்குச் சென்றவை ஓடுகள். அவை எங்கே வாழும், எப்போது கிடைக்கும், மக்கள் அவற்றை என்ன பெயரிட்டு அழைப்பர் என்னும் அறிவு அம்போனில்தான் இருந்தது. பொருளை உடைமையாகக் கொண்டவரிடமிருந்து அதனைப் பறித்துவிடலாம். பொருளை அறிந்தவரிடமிருந்து அதனைப் பறிக்க இயலாது.

தெரிந்து தெளிவோம்

ரம்பியஸ் பணியாற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1658ஆம் ஆண்டு தூத்துக்குடியைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் அக்கம்பெனியின் பிடிக்குள் வந்தன. அம்போன் கடற்கரையில் ரம்பியஸ் கிளிஞ்சல் தேடிய காலத்தில், நம் கடற்கரையிலும் அதே கம்பெனி சங்கு வணிகம் செய்துகொண்டிருந்தது. நாட்டிலஸ், இராட்சதச் சிப்பி முதலிய உயிரிகள் இன்று இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் காக்கப்படுகின்றன. உயிருள்ள சங்குகளையும் சிப்பிகளையும் கடலிலேயே விட்டுவிட்டுக் காண்பதும், வரைவதும், குறிப்பெடுப்பதும் இக்காலச் சேகரிப்பாளர்க்கு உரிய முறையாகும்.

நெருப்பும் கடலும்

1687ஆம் ஆண்டு சனவரியில் அம்போன் நகரில் தீப்பற்றியது. ரம்பியசின் வீடும் எரிந்தது. அரும்பாடுபட்டு வரவழைத்த நூல்களும், செடிகளைப் பற்றிய நூலுக்காகத் தீட்டிய படங்களும் சாம்பலாயின. நூலின் எழுத்துப்படி மட்டும் காப்பாற்றப்பட்டது. படங்களை மீண்டும் வரையச் செய்யும் பணி தொடங்கியது. வரைபவர் சரியாக வரைந்திருக்கிறாரா என்பதைக் கண்ணால் பார்த்துத் தெளிய இயலாத ஒருவர், சொற்களால் கேட்டுக் கேட்டுத் திருத்தங்களைச் செய்வித்தார்.

ஒருவாறு நூலின் முதற்பகுதி நிறைவுற்றுப் பத்தாவியாவுக்குச் சென்றது. அங்குத் தலைமை ஆளுநராக இருந்த யோவான் கம்பாய்ஸ் இயற்கை ஆய்வில் ஈடுபாடு மிக்கவர். ஐரோப்பாவுக்கு அனுப்புமுன் அதற்குப் படியெடுத்து வைக்குமாறு அவர் ஆணையிட்டார். மூலப்படியைச் சுமந்து சென்ற கப்பலை 1692ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் தாக்கி மூழ்கடித்தனர். பல்லாண்டு உழைப்பைக் கடல் விழுங்கியது. கம்பாய்ஸ் எடுத்துவைத்த படி இல்லையேல் நூலே இல்லாமற் போயிருக்கும்.

மீண்டும் படியெடுத்து அனுப்பிய நூல் ஒல்லாந்தை அடைந்தபோது, அதில் அடங்கிய செய்திகள் வணிகப் போட்டியாளர்க்குப் பயன்படும் என்று அஞ்சிய கம்பெனி அதனை அச்சேற்றாமல் பூட்டிவைத்தது. அம்போன் மூலிகை நூல் என்று அறியப்படும் அப்பெருநூல் 1741ஆம் ஆண்டு முதற்கொண்டே தொகுதி தொகுதியாக வெளிவந்தது.

அரும்பொருட் பேழை

செடிகளைப் பற்றிய நூல் கம்பெனியின் பூட்டுக்குள் இருந்தபோது, கடற்பொருள்களைப் பற்றிய நூல் வேறு வழியில் வெளியுலகை அடைந்தது. தெல்ப்டு நகரத்து மருத்துவரும் நகரத் தலைவருமான எந்திரிக் தக்கேத் கிளிஞ்சல் சேகரிப்பில் ஆர்வமுடையவர். அவருக்கு ரம்பியஸ் தம் எழுத்துப்படியை அனுப்பிவைத்தார்.

அம்போன் அரும்பொருட் பேழை என்று பொருள்படும் பெயருடைய அந்நூல் மூன்று பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி நண்டு, இறால், கடல்முள்ளி, உடுமீன் ஆகியவற்றைப் பேசுகிறது. இரண்டாம் பகுதி சங்குகளையும் சிப்பிகளையும் விளக்குகிறது. மூன்றாம் பகுதி கற்களையும் கனிமங்களையும் பற்றியது. செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட 60 படத்தாள்கள் நூலுக்கு அழகு சேர்த்தன. ரம்பியஸ் அனுப்பிய படங்கள் போதாத இடங்களில், ஒல்லாந்துச் சேகரிப்பாளர்கள் தம்மிடமிருந்த ஓடுகளைத் தந்து படம் வரையச் செய்தனர்.

நூலின் சிறப்பு படங்களால் மட்டும் அமைந்ததன்று. ஒவ்வோர் ஓட்டுக்கும் அதன் வடிவம், வாழிடம், உள்ளூர்ப் பெயர், பயன் ஆகியவற்றை அவர் கூறுகிறார். மலைமேல் கிடக்கும் மிகப் பெரிய சிப்பிகளைக் கண்டு, கடல்வாழ் உயிரியின் ஓடு மலைமேல் வந்தது எவ்வாறு எனச் சிந்திக்கிறார். தம் காலத்து நம்பிக்கையை ஒட்டி, பழங்காலப் பெருவெள்ளம் அவற்றை அங்கே விட்டுச் சென்றதாகக் கருதுகிறார். அவர் கண்ட விடையை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. எனினும், அவர் எழுப்பிய வினா சரியான வினாவே.

செருமனியின் இயற்கை ஆய்வாளர் கழகம் 1681ஆம் ஆண்டிலேயே அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டிருந்தது. பழைய உரோம நாட்டில் இயற்கைப் பொருள்களைத் தொகுத்தெழுதிய பிளினியோடு ஒப்பிட்டு, இந்தியத் தீவுகளின் பிளினி என அவரை அறிஞருலகம் போற்றியது.

1702ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் ரம்பியஸ் அம்போனில் காலமானார். அரும்பொருட் பேழை 1705ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் அச்சாகி வெளிவந்தது. அச்சிட்ட தாளை விரலால் தடவிப் பார்க்கும் பேறுகூட அவருக்குக் கிட்டவில்லை.

எஞ்சி நின்றது

அரை நூற்றாண்டுக்குப் பின், உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை வகுத்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ், 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலில் பல சங்குகளுக்கும் சிப்பிகளுக்கும் ரம்பியசின் படங்களையே சான்றாகக் காட்டினார். இன்று உலகெங்கும் வழங்கும் கிளிஞ்சல் பெயர்கள் பலவற்றின் பின்னணியில், பார்வையற்ற ஒருவரின் விரல்கள் இருக்கின்றன. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கடந்து, 1999ஆம் ஆண்டில் அந்நூல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது.

கோசிமோ அரசர் பெற்ற பேழையைப் பற்றி இன்று பேசுவோர் சிலரே. அப்பேழை வெறுமையானபின் ரம்பியஸ் எழுதிய நூலே அவர் பெயரை நிலைநிறுத்தியது. துறவி நண்டுகள் கவர்ந்த சங்குகளும், அரசருக்குக் கொடுத்த சங்குகளும் அந்நூலின் பக்கங்களில் மீண்டும் அவருக்கே உரியவை ஆயின.

கடற்கரையில் ஒரு கிளிஞ்சலை எடுக்கும் கைக்கு இருவகை இன்பம் உண்டு. இது என்னுடையது என்பது ஒன்று. இது என்ன என்பது மற்றொன்று. முதலாவது இன்பம் பேழை மூடியதும் அடங்கிவிடும். இரண்டாவது இன்பம் வினாவாகத் தொடங்கி, தேடலாக வளர்ந்து, பிறர்க்குப் பகிரும் அறிவாகப் பயன் தரும். ரம்பியஸ் முதலாவதைப் பலமுறை இழந்தார். இரண்டாவதை ஒருநாளும் இழக்கவில்லை. கண்ணிருந்தும் காணாமல் நடப்போர் மிகுந்த உலகில், கண்ணின்றியும் கடலைக் கண்டவர் அவர்.